இருபத்திரண்டு விநாடி

2024 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. திருவனந்தபுரம் பூந்துறையில் மாமா வீட்டில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். காற்று துளியும் இல்லை. கொடியில் கிடந்த வேட்டிகூட அசையவில்லை. வெளியே யாரோ கத்தினார்கள். எழுந்து ஓடிப் பார்த்தால், கடல் தடுப்புக் கல்லைத் தாண்டித் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. புயல் இல்லை, மழை இல்லை, இடி இல்லை. வந்த தண்ணீர் அவசரமில்லாமல் வந்தது, வீட்டுப் படியைத் தொட்டது, பின்வாங்கியது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி வந்தது.

“காத்தே இல்லியே மக்ளே, பின்ன எப்பிடி கடலு ஏறுது? உன் பெட்டி என்ன சொல்லுது?” என்றார் மாமா.

பெட்டி என்று அவர் சொன்னது மருமகளின் மடிக்கணினியை. அக்காள் மகளான அவர் கடல் அலைகளைக் கணினியில் கணக்கிடுபவர். திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த வேலை. சொந்த ஊர் குமரி மாவட்டத்தில், தூத்தூர்ப் பக்கம். மாநில எல்லை தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது இந்தக் கடற்கரையில் பழைய வழக்கம். பூந்துறையில் மாமா வீடு அமைந்தது அப்படித்தான்.

அவர் செல்பேசியில் நேரம் பார்த்தார். ஓர் அலை உடைந்ததற்கும் அடுத்தது உடைந்ததற்கும் நடுவே எண்ணினார். இருபத்தொன்று. இருபத்திரண்டு. மறுபடி இருபத்திரண்டு. சாதாரணமாக அந்தக் கரையில் எட்டு, பத்து, பன்னிரண்டு விநாடிக்கு ஓர் அலை வரும். இருபத்திரண்டு என்றால் அந்த அலை பிறந்த இடம் இங்கே இல்லை. பூமத்திய ரேகைக்குக் கீழே, அண்டார்டிகாவைச் சுற்றி ஓயாமல் காற்று வீசும் தென் பெருங்கடலில் பிறந்து பல நாள் நடந்து வந்திருக்கிறது.

அன்றிரவு அறைக்குத் திரும்பி மாடலை ஓட்டினார். பூந்துறைக்கு முன்னால் கடல் அமைதியாக இருப்பதாகக் கணினி சொன்னது.

திருவனந்தபுரம் கடற்கரையில் இந்தக் கடலுக்குப் பெயர் உண்டு: கள்ளக்கடல். திருடனைப் போல, அறிவிக்காமல் வருவதால் மீனவர் வைத்த பெயர். 2005 மே மாதம் கேரளக் கரையை இப்படியொரு வெள்ளம் தாக்கியது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இயங்கும் புவி அறிவியல் மையத்தின் என். பி. குரியனும் உடன் பணியாற்றியவர்களும் அதை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். ஆய்வுக் கட்டுரையிலும் மீனவர் சொல்லையே வைத்தார்கள். 2012இல் யுனெஸ்கோ அந்தச் சொல்லை அறிவியல் வழக்காக ஏற்றது. சுனாமி என்ற சொல் ஜப்பானியத் துறைமுகங்களிலிருந்து உலகுக்குப் போனதுபோல, கள்ளக்கடல் இந்தக் கரையிலிருந்து போயிருக்கிறது. இதைச் சொல்லும்போது மருமகளின் குரலில் பெருமிதம் தெரியும். அந்தப் பெருமிதம் நியாயமானது என்றே இந்தக் கட்டுரையாளருக்கும் படுகிறது.

கணக்கு எளிது. ஆழ்கடலில் அலைகள் கூட்டமாக நகரும் வேகம் அவற்றின் இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளி விநாடியை 0.78ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 22 விநாடி அலைக்கூட்டம் விநாடிக்கு 17 மீட்டர், அதாவது மணிக்கு 62 கிலோமீட்டர் நகரும். பத்தாயிரம் கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ ஏழு நாள். இன்னொரு கணக்கும் உண்டு. ஓர் அலையின் நீளத்தில் பாதியளவுக்கு ஆழம் குறைந்ததும் அது தரையை உணரத் தொடங்கும். எட்டு விநாடி அலையின் நீளம் 100 மீட்டர். ஐம்பது மீட்டர் ஆழத்துக்கு வந்த பிறகே அதற்குத் தரை தெரியும். 22 விநாடி அலையின் நீளம் 750 மீட்டருக்கு மேல். கண்டத்திட்டின் விளிம்பைத் தொடும் முன்பே அது தரையைத் தடவத் தொடங்கிவிடுகிறது. அதனால் ஆழ்கடலில் ஒரு மீட்டர் உயரத்தில் யார் கண்ணிலும் படாமல் வந்தது, கரையில் தெருவுக்குள் ஏறிவிடுகிறது.

தென் பெருங்கடலின் அலைகள் இவ்வளவு தூரம் போகும் என்பதை உலகுக்குக் காட்டியவர் கடலியலாளர் வால்ட்டர் மங்க். மெக்சிகோவுக்கு அப்பால் உள்ள குவாதலூப்பே தீவில் அவரும் உடன் பணியாற்றிய ஸ்னாட்கிராஸும் பதிவுசெய்த அலைகளின் பிறப்பிடத்தைத் தேடிப் போய், 1957இல் இந்தியப் பெருங்கடல் புயல்கள் வரை கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1963இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவுநிலையங்கள் வைத்து, ஒரே அலைக்கூட்டத்தைப் பசிபிக் முழுக்கப் பின்தொடர்ந்தார் மங்க். அவர் தாளிலும் பென்சிலிலும் தொடங்கிய வேலையைத்தான் இன்று நிரல்கள் செய்கின்றன.

அந்த நிரல்களை எழுதியவர்கள் அவற்றைப் பூட்டி வைக்கவில்லை. இந்தத் தொழிலில் மருமகள் இருப்பதற்கே அதுதான் காரணம்.

தென் பெருங்கடலில் பிறக்கும் அலையைப் பூந்துறை வாசல் வரை கொண்டுவர மூன்று நிரல்கள் வேண்டும். உலகக் கடல் முழுவதுக்கும் வேவ்வாட்ச் 3. அமெரிக்க வானிலைத் துறையில் ஹென்ட்ரிக் டோல்மன் உருவாக்கியது, இன்று கிட்ஹப்பில் எல்லோர் கண்முன்னும் வளர்வது. அதன் விடையை வாங்கிக் கரையோரத்துக்குக் கொண்டுவர ஸ்வான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பூய், ரிஸ், ஹோல்துய்ஸன் மூவரும் வடிவமைத்து 1999இல் கட்டுரையாக வெளியிட்டது. கடைசியாக, அலை மணலைத் தின்று கரையேறுவதைக் கணக்கிட எக்ஸ்பீச். இதுவும் டச்சுக்காரர்கள் முன்னின்று செய்தது, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நிதியும் சேர்ந்தது. மூன்றையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய விஷயம், மூன்றின் ஒவ்வொரு வரியையும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். நீரோட்டம் வேண்டுமென்றால் ரோம்ஸ் இருக்கிறது. மணல் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்க டெல்ஃப்ட் 3டி. அதன் முக்கியப் பகுதிகள் 2011 ஜனவரி 1 அன்று திறந்துவிடப்பட்டன. காற்றுத் தரவு ஐரோப்பாவின் ஈரா5இல் கிடைக்கிறது, மணிக்கு மணி. ஒரு நாட்டின் வரிப்பணத்தில் எழுதியது இன்னொரு நாட்டின் மீனவக் குப்பத்துக்கு உதவுகிறது. சாதாரணமாக நடக்கும் காரியமல்ல இது.

அவர் இதற்குள் வந்த வழி கோணல்மாணலானது. 2012இல் பிளஸ் டூ படிக்கும்போது தமிழக அரசின் இலவச மடிக்கணினி கிடைத்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் தயாரித்தது. வகுப்பில் எவரும் அந்தப் பக்கம் போகவில்லை. விண்டோஸில் வைரஸ் ஏறிப் படுத்துவிட்ட ஒரு விடுமுறையில் வேறு வழியில்லாமல் அவர் போனார். கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பழகியது அப்போதுதான். பிறகு மேற்படிப்புக்குத் திருவனந்தபுரம் வந்தபோது, கட்டற்ற மென்பொருளை ஊரே அறிந்து வைத்திருப்பதைக் கண்டு வியந்தார். ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது 2001 ஜூலையில் இந்த ஊரில்தான். கேரளப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். காரியவட்டத்தில் கட்டற்ற மென்பொருளுக்கென்றே அரசு ஒரு மையம் நடத்துகிறது. ஒரு நூலகக் கோப்பு பொருந்தவில்லை, ஃபோர்ட்ரான் தொகுப்பி முரண்டு பிடிக்கிறது என்று தேநீர்க்கடையில் புலம்பினால் பக்கத்து மேசைக்காரர் பதில் சொல்லும் ஊர் இது.

ஒக்கிப் புயல் வந்தபோது அவர் முதுகலை மாணவி. 2017 நவம்பர் 30. குமரிக்குத் தெற்கே புயலாக மாறி, லட்சத்தீவுப் பக்கம் திரும்பிப் போனது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகுகள் கரைக்குத் தகவல் எட்டாத தொலைவில் இருந்தன. பூந்துறையிலிருந்தும் விழிஞத்திலிருந்தும் போனவர்களும் திரும்பவில்லை. ஊரில் வீடு வீடாக மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்த அந்த டிசம்பரைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. அலைக் கணக்கைத் தொழிலாக எடுத்தது அதற்குப் பிறகு என்று மட்டும் சொல்வார்.

முதல் பெரிய தவறு தொடக்கத்திலேயே நடந்தது. ஸ்வானில் அலையின் திசையை இரண்டு விதமாகச் சொல்லலாம். மாலுமிகள் வழக்கில் அலை எங்கிருந்து வருகிறது என்று சொல்வோம்; வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணுவோம். கணித வழக்கில் எங்கே போகிறது என்று சொல்வோம்; கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக எண்ணுவோம். எதுவும் சொல்லாவிட்டால் ஸ்வான் கணித வழக்கையே எடுத்துக்கொள்ளும். அவர் தென்-தென்மேற்கிலிருந்து வரும் அலைக்கு 210 என்று கொடுத்தார். மாலுமி வழக்கு என்று ஒற்றை வரி எழுத மறந்தார். விளைவு, அலைகளெல்லாம் கரைக்கு முதுகு காட்டி மாலத்தீவைப் பார்த்து ஓடின. கோவளத்தில் அலை உயரம் பூஜ்யம். இரண்டு வாரம் அதைப் பிடிக்க முடியவில்லை. நிரலைத் திறந்து, திசை எந்த வரியில் திருப்பப்படுகிறது என்று தேடிப் படித்தபோதுதான் பிடிபட்டது. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் உதவிக்குச் சீட்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்திருப்பேன் என்பார். அந்த இரண்டு வாரத்தில் அவர் ஸ்வானின் கால்வாசியைப் படித்துவிட்டிருந்தார்.

அடுத்த தடை ஆழம்.

அலை மாடலுக்குக் கடலடியின் மேடுபள்ளம் தெரிய வேண்டும். கரைக்கு அருகே அது தெரியாமல் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. உலகத்துக்கே பொதுவான ஜெப்கோ ஆழ வரைபடம் இலவசம்தான். ஆனால் கரையோரத்தில், அளந்த புள்ளிகள் அரிதான இடங்களில், அக்கம்பக்கத்து எண்களை வைத்து இட்டு நிரப்பியதுதான் அதிகம். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தில் பி. சிந்துவும் ஏ. எஸ். உண்ணிகிருஷ்ணனும் சக ஆய்வாளர்களும் 2007இல் ஒரு பொறுமையான காரியம் செய்தார்கள். கடற்படையின் நீர்ப்பரப்பு வரைபடங்களில் அச்சாகியிருந்த ஆழக்கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணாக்கி, இந்தியப் பெருங்கடலின் ஆழங்குறைந்த பகுதிகளுக்குத் திருத்திய தரவுத் தொகுப்பு உருவாக்கினார்கள். எல்லோரும் எடுத்துக்கொள்ளக் கொடுத்தார்கள். இந்தியாவில் புயல் அலையையும் சுனாமியையும் மாடல் ஓட்டிய எத்தனையோ மாணவர்கள் அந்தக் கோப்பின் மேல்தான் நின்றார்கள். மாடலுக்கு அவர் போட்ட முதல் ஆழக்கட்டமும், அதாவது கிரிட்டும், அதிலிருந்து வந்ததே. நிரல் எழுதியவர்களுக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது இப்படி எண்ணாக்கியவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதில் மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் கோப்பும் மூன்று மீட்டர், ஐந்து மீட்டர் ஆழத்துக்கு உதவாது. அங்கே மணல் ஒவ்வொரு பருவத்துக்கும் இடம் மாறுகிறது. மே, ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மணலை வாரிக்கொண்டு போய்க் கொஞ்சம் தள்ளித் திட்டாகக் குவிக்கிறது. செப்டம்பருக்குப் பிறகு சிறிய அலைகள் அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சங்குமுகம் கரை காணாமல் போவதும் திரும்பி வருவதும் ஊர் அறிந்தது. சில ஆண்டுகளாகப் போவதுதான் அதிகம். 2021 மே மாதம் டவ்தே புயல் நேரத்தில் விமானநிலையச் சாலை அறுந்தது. 1956இல் கட்டிய வலியதுறைப் பாலம் சரிந்தது. 1980களின் முதற்பாதியில் எம். பாபாவும் குரியனும் சார்ந்த குழு ஆண்டுக்கணக்கில் அலைகளை அளந்தது அந்தப் பாலத்தை ஒட்டித்தான். அவர்கள் 1988இல் வெளியிட்ட தொகுப்பை அவர் இன்றும் மேசையில் வைத்திருக்கிறார். மாடல் சரியா என்று பார்க்க அந்த எண்கள் வேண்டும். அளவு எடுத்த பாலத்தில் இன்று ஏறி நிற்க முடியாது.

அண்மையில் எடுத்த ஆழ அளவுகளுக்காக ஓர் அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். தர இயலாது என்று ஒற்றை வரி வந்தது. இந்தியக் கடலின் நுணுக்கமான ஆழத் தரவுகளுக்குப் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் உண்டு. எல்லாவற்றையும் வீதியில் வைக்கச் சொல்வது அறிவுடைமை ஆகாது. ஆனாலும், கிராமத்து வாசலில் மூன்று மீட்டர் ஆழத்தில் உள்ள மணல்திட்டு எந்த எதிரிக்கு உதவும் என்ற கேள்வி அவருக்கு இன்னும் தீரவில்லை.

மாமாவிடம் சொன்னார். “அளக்கணும்னா அளந்துருவோம்” என்றார் மாமா.

முறைப்படி அனுமதி வாங்கிய பிறகு, 2023 ஜனவரியில், ஃபைபர் படகில் பக்கவாட்டில் ஒரு பலகை கட்டி, மீன் தேடப் பயன்படும் எக்கோ கருவியைப் பொருத்தினார்கள். ஜனவரி, பிப்ரவரி விடியற்காலையில்தான் கடல் அதற்கு இடம் கொடுக்கும். கரைக்குச் செங்குத்தாக வரிவரியாகப் போய் வர வேண்டும். படகு ஆடினால் எண் ஆடும். விழிஞத்தின் ஓத ஏற்ற இறக்கத்தைக் கழிக்க வேண்டும். நல்லவேளையாக இங்கே அது ஒரு மீட்டருக்கும் குறைவு. முதல் நாளே, வரைபடத்தில் ஆறு மீட்டர் என்றிருந்த இடத்தில் கருவி நாலரை காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தார் அவர். “கருவி கெடல மக்ளே, அங்க திட்டு இருக்கு” என்றார் மாமா. கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் மலைமுகட்டையும் நேர்க்கோட்டில் வைத்து இடம் குறிக்கும் பழைய முறையில், அந்தத் திட்டு மாமாவுக்கு முன்பே தெரியும். பாறைகளும் அப்படியே. எந்தப் பாரில் எந்த மீன், எந்த நீவாட்டில் (நீரோட்டத்தில்) வலை இழுக்கும் என்பதெல்லாம் மாமாவின் தலைக்குள் ஒரு கிரிட்.

இந்த அளவெடுப்பு தொடங்கும் முன்பே ஊர் கொந்தளித்து அடங்கியிருந்தது. 2022 ஆகஸ்டில் விழிஞம் துறைமுக வாசலில் தொடங்கிய மீனவர் போராட்டம் டிசம்பர் வரை நீடித்தது. கட்டுமானத்தை நிறுத்தி, கடலரிப்பை ஆராய வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அதனால்தான் வடக்கே கரை அரிக்கிறது என்றனர் ஒரு சாரார். பருவமாற்றம், புயல்கள், பழைய கல்கட்டுகள் என்று மற்றவர்கள். தேசியக் கரையோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்ததில், இந்தியக் கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்குள்ளாகிறது. கேரளத்தில் ஏறக்குறைய 46 சதவீதம். ஆகவே துறைமுகம் இல்லாத இடங்களிலும் அரிப்பு உண்டு. துறைமுகச் சுவர் மணலை மறிக்கும் என்பதும் உண்மை. வடக்கே முதலப்பொழியில் தெற்குப்பக்கம் மணல் குவிந்து வடக்குப்பக்கம் அரிப்பதை எவரும் போய்ப் பார்க்கலாம்.

எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்புச் சொல்ல அவர் விரும்புவதில்லை. அவருக்கு வலித்தது வேறு. இரு தரப்பும் மாடல்களைப் பற்றிப் பேசின. மாடலின் உள்ளே என்ன இருந்தது என்று தெருவில் நின்றவர்கள் பார்க்க வழியில்லை. எந்த ஆழத்தை எடுத்தார்கள், மணல் பருக்கையின் அளவு என்ன, எத்தனை ஆண்டு அலையைக் கொடுத்தார்கள், எந்தக் குணகத்தை எவ்வளவு திருகினார்கள்? மணல் நகர்வுக் கணக்கில் ஒரு குணகத்தை இரட்டித்தால் விடை இரட்டிக்கும். நிரல் எதுவாகவும் இருக்கட்டும், உள்ளீட்டுக் கோப்பைக் கொடுத்தால் இன்னொருவர் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எங்கே வேறுபடுகிறோம் என்று கைவைத்துக் காட்டலாம். கோப்பு இல்லாத விடை நம்பச் சொல்கிறது. பூந்துறை மக்களிடம் இனியும் நம்பு என்று மட்டும் சொல்வது நியாயமில்லை என்பது அவர் கட்சி. இந்தக் கட்டுரையாளரும் அதே கட்சிதான்.

அதனால்தான் தன் உள்ளீட்டுக் கோப்புகள் எல்லாவற்றையும் அவர் பொதுவில் வைத்திருந்தார், ஆழ எண்களைத் தவிர. ஈஸ்டர் இரவில் தோற்ற கோப்பையும் வைத்தார். 22 விநாடி அலையைக் கண்ணால் எண்ணினேன், மாடலில் அது இல்லை, ஏன் என்று தெரியவில்லை என்று மேலே எழுதினார். அதை எழுத ஓர் இரவு யோசித்ததாகச் சொன்னார். தோற்றதை உலகம் பார்க்க வைப்பது எளிதல்ல. ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கு இன்னும் கடினம்.

ஒன்பது நாள் கழித்துச் சிலியிலிருந்து ஒருவர் எழுதினார். முன்பின் தெரியாதவர். பசிபிக் கரையில் துறைமுக வேலை பார்ப்பவர். அவர்களுக்கும் தென் பெருங்கடலிலிருந்து இதே மாதிரி அலை வரும், மரெஹாதா என்பார்களாம். உங்கள் கோப்பில் அதிர்வெண் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள் என்றிருந்தது கடிதம். வேறொன்றும் இல்லை.

பார்த்தார். 0.05.

ஸ்வான் கடலை எல்லா அலைகளின் கலவையாகப் பார்க்கிறது. எத்தனை விநாடிக்கு ஒன்று என்பதன் தலைகீழ்தான் அதிர்வெண். அந்த அலைவரிசையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும். 0.05 என்றால் 20 விநாடி. அதைவிட நீண்ட இடைவெளியுள்ள அலைக்கு மாடலில் இருக்கையே இல்லை. வேவ்வாட்ச் அந்த அலையைப் பத்திரமாகக் குமரிமுனை வரை கொண்டுவந்து கொடுத்திருந்தது. வாசலில் நின்ற ஸ்வான் அதை உள்ளே விடவில்லை. அந்த 0.05 அவர் சிந்தித்து இட்டதல்ல. படிக்கத் தொடங்கிய காலத்தில் எங்கிருந்தோ எடுத்த பயிற்சிக் கோப்பில் இருந்தது. அது வட கடலுக்காக எழுதப்பட்டது. அங்கே அலைகள் அருகிலேயே பிறப்பவை, இடைவெளி குறைந்தவை. 20 விநாடிக்கு மேல் வேண்டியிருக்காது. எழுதியவர் தன் கடலுக்குச் சரியாகத்தான் எழுதியிருந்தார். ஆண்டுக்கணக்கில் அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு படியெடுத்தது தான்தான் என்று அவர் ஒப்புக்கொள்கிறார்.

0.05ஐ 0.035 ஆக்கினார். மார்ச் 31ஐ மறுபடி ஓட்டினார். பூந்துறைக்கு வெளியே அலை உயரம் ஒரு மீட்டர் சொச்சம், இடைவெளி இருபத்திரண்டுக்குப் பக்கம். அதை எக்ஸ்பீச்சுக்குக் கொடுத்து, மாமாவோடு அளந்த திட்டையும் சேர்த்தபோது தண்ணீர் கல்லைத் தாண்டியது. திட்டை எடுத்துவிட்டு ஓட்டினால் தண்ணீர் ஏறும் இடம் ஒரு தெரு தள்ளிப் போனது. அதாவது சிலிக்காரர் சொன்னதும் வேண்டும், மாமா சொன்னதும் வேண்டும்.

வேலை அதோடு நிற்கவில்லை. அந்தப் பயிற்சிக் கோப்பைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திருத்தம் அனுப்பினார்: தென் பெருங்கடலைப் பார்த்த கரைகளுக்குத் தொடக்க அதிர்வெண்ணைக் குறைத்து வையுங்கள் என்று இரண்டு வரிக் குறிப்பு. ஏற்றுக்கொண்டார்கள். இனி இலங்கையிலோ மொசாம்பிக்கிலோ ஒரு மாணவி அதைப் படியெடுக்கும்போது அந்தக் குறிப்பும் சேர்ந்து போகும்.

ஹைதராபாதில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கள்ளக்கடலுக்கென்றே 2020 முதல் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. நாட்டின் அதிகாரபூர்வ எச்சரிக்கை அதுதான். அவர் செய்வது ஒரு கிராமத்துக்கு, எந்தத் தெரு என்ற அளவில். 2024 ஏப்ரல் இறுதியில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தென் அட்லாண்டிக்கில் ஒரு தாழ்வழுத்தம் உருவானது. மே முதல் வாரம் இன்காய்ஸ் எச்சரித்தது. அவருடைய மாடலும் அதிர்வெண் வரிசையின் கீழ்ப்படியில் 23 விநாடி அலையைக் காட்டியது. பூந்துறையில் படகுகளை முந்தைய நாளே மேலே இழுத்துக் கட்டினார்கள். ஆனால் மே 6 அன்று, எல்லைக்கு அந்தப் பக்கம், குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே கடலில் இறங்கிய ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. எச்சரிக்கை இருந்தது. கரையில் நின்ற வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் காற்றில்லாத வெயில் நாளில் கடல் அமைதியாகத்தான் தெரிந்திருக்கும். அந்தச் செய்தி வந்த நாளில் அவர் வேலை செய்யவில்லை.

அதற்குப் பிறகு அவர் எழுதும் அறிவிப்பில் அலை உயரத்தை முதலில் போடுவதில்லை. இடைவெளியைப் போடுகிறார். “இன்னைக்கி அலைக்கி அலை இருவது எண்ணலாம்” என்று எழுதினால் பூந்துறையில் எல்லோருக்கும் விளங்குகிறது. உயரம் ஒரு மீட்டர் என்று எழுதினால் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஆழம் அளப்பது ஆண்டுதோறும் தொடர்கிறது. இப்போது மாமாவோடு வேறு இரண்டு படகுகளும் வருகின்றன. எக்கோ கருவி இல்லாத படகில் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கிப் பாகக் கணக்கில் சொல்கிறார்கள். அதை மீட்டராக்க நிரலில் ஒரு வரி சேர்த்தார். நிரல் பொதுவில் இருப்பதால் சிலிக்காரர் அதையும் பார்த்திருக்கிறார். 1.83 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் இருக்கும் பாகம் என்ற பெயர் என்ன, எந்தக் கருவியின் அலகு என்று கேட்டு எழுதினார்.

அவர் மாமாவைக் கரையில் நிறுத்தி, இரண்டு கைகளையும் விரித்து ஒரு படம் எடுத்து அனுப்பினார். இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை, என்று கீழே ஒரு வரி.